தறிக்குழிச் சுவரில் ஒரு பெயர்

ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் வேலை பார்க்கும் காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு,

நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன். உங்கள் அப்பாமாரோடு ஒரே தெருவில் பாவு நீட்டியவன். உங்களில் சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு மாமா. நீங்கள் தறியை விட்டுக் கம்பெனி பஸ் ஏறியதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பேச்சு பேசித் தீர்ந்துவிட்டது. என் மகனே ஏறிவிட்டான். இது வேறு ஒரு குறை. அதை நேரில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் உங்கள் போனில் ஒரு பெயர் வந்துவிடுகிறது. மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல். எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று என்று டீக்கடையில் நீங்கள் அடித்த கிண்டலை நானும் கேட்டேன், நானும் சிரித்தேன். 2016 டிசம்பர் தொடக்கத்தில் ‘நாடா’ என்று ஒன்று வந்ததே, அப்போது நம் தெருவே சிரித்தது. தறியில் நம் கையில் ஓடுகிற நாடாவைப் புயலுக்குப் பெயராக வைத்திருக்கிறார்களே என்று. ஓமன் நாட்டுக்காரர்கள் கொடுத்த பெயர் அது. நம் தறி அவர்களுக்குத் தெரியாது. அந்த நாடா கரைக்கு வருமுன்பே இளைத்து, காரைக்கால் பக்கம் மழையாகக் கரைந்து போயிற்று. பத்து நாள் கழித்து வர்தா வந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

நான் கேட்பது இதுதான்: சிரித்த பெயரும் அழவைத்த பெயரும் பிறகு எங்கே போயின? தேடிப் பார்த்தீர்களா? மழைநாளில் தறி நின்றால் எனக்குப் படிப்பதைத் தவிர வேலை கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

ஜப்பானும் சீனாவும் பிலிப்பைன்ஸும் இருக்கிற கடல் பக்கம் அடிக்கிற புயலை ‘டைபூன்’ என்பார்கள். அங்கே பதினான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுத்து 140 பெயர்களின் பட்டியல் ஒன்றை 2000-இல் தொடங்கினார்கள். ஒரு புயலுக்கு ஒரு பெயர். பட்டியல் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. நம் அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்து வருகிறார் அல்லவா, அந்தப் பெயர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறையே எழுந்து வந்துவிடும்.

ஆனால் சில பெயர்கள் எழுவதில்லை. 2013 நவம்பர் 8-ஆம் தேதி ஹையான் என்ற புயல் பிலிப்பைன்ஸின் டாக்லோபான் நகரத்தை அழித்தது. அரசுக் கணக்கிலேயே ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். ஹையான் என்பது சீனா கொடுத்த பெயர், ஒரு கடற்பறவையின் பெயர். அந்தப் பெயரை இனி யாருக்கும் வைக்கக் கூடாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வந்தது பைலு, வெள்ளை மான். பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். அதே புயலுக்கு அதில் யோலண்டா என்று பெயர். அதையும் எடுத்துவிட்டு யாஸ்மின் என்று வைத்தார்கள். அந்தத் தனிப் பட்டியலில் முந்நூறு உயிர் போனால், அல்லது நூறு கோடி பேசோ சேதமானால், அந்தப் பெயரோடு கணக்கு முடிந்தது. அமெரிக்கப் பக்கமும் பெயரை எடுக்கிற வழக்கம் உண்டு. 2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவின் பெயர் பிறகு எந்தப் புயலுக்கும் இல்லை. அதன் இடத்தில் கட்டியா வந்தது.

ஏன் எடுக்கிறார்கள்? கணக்கு எழுதுகிறவர்களுக்கும் நஷ்டஈடு கொடுக்கிறவர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் ஒரே பெயரில் இரண்டு புயல் இருந்தால் குழப்பம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை விளக்க எனக்கு அயலூர் வேண்டாம், நம் வீடே போதும்.

மகனின் மகனை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? பேரன். பெயரன் என்பதுதான் பேரன். தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். வாழ்ந்து முடித்தவரின் பெயரை மறுபடி ஒரு குழந்தைக்கு வைத்தால் அந்தப் பெயர் வீட்டுக்குள்ளேயே நடமாடும். ஆனால் சின்ன வயதில் தவறிப்போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. கூப்பிட்டால் அந்த முகம் வந்து நிற்கும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காத வீட்டில் எமன் ஏறெடுத்துப் பார்க்காத பெயராக வைத்தார்கள்: குப்பன், பிச்சை என்று. அந்தப் பெயர்களோடு நம் தெருவில் இப்போதும் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஹையானை எடுத்தவர்கள் செய்ததும் இதுதான். இந்தப் பெயருக்குப் பேரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதிலும் எனக்குப் பிடித்தது ஒன்று. அந்த 140 பெயர்ப் பட்டியலில் பெயர் தானாக நீங்காது. அடிபட்ட நாடு எழுந்து கேட்க வேண்டும். ஆண்டுதோறும் கூடுகிற கூட்டத்தில், “எங்கள் மண்ணில் இத்தனை பேர் செத்தார்கள், இந்தப் பெயர் இனி வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். அது சாட்சி சொல்வது மாதிரி. மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் கடலுக்கு வாருங்கள். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் பெயர் வைப்பது 2004-இல்தான் தொடங்கியது. முதலில் எட்டு நாடுகள், 64 பெயர்கள். 2020-இல் அம்பனோடு அந்தப் பட்டியல் தீர்ந்தது. இப்போது பதின்மூன்று நாடுகள், 169 பெயர்கள். நிவர் ஈரான் கொடுத்தது, மாண்டஸ் ஐக்கிய அமீரகம், மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி. பெயரை எடுத்துப் புயலுக்குச் சூட்டுவது டெல்லியில் இருக்கிற வானிலைத் துறை. விதி என்ன தெரியுமா? ஒரு முறை வைத்த பெயர் மறுபடி வராது. எந்தப் பெயரானாலும் சரி.

கேட்க நன்றாக இருக்கிறது. அதில் இருக்கிற குறையைப் பாருங்கள். 2017-இல் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கடலுக்குப் போன மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. ஒக்கி என்ற பெயர் முடிந்தது. மழையாகக் கரைந்துபோன நாடா என்ற பெயரும் அதே போல முடிந்தது. கொன்றதற்கும் தூறியதற்கும் ஒரே மரியாதை. எழுந்து கேட்க யாரும் வேண்டியதில்லை. அதனால் யாரும் சாட்சி சொல்லவும் இல்லை. கிழித்துப் போட்ட தினசரிக் காலண்டர் தாள் மாதிரி ஒவ்வொரு பெயரும் போகிறது.

நம் பக்கமும் ஒருமுறை மக்கள் எழுந்து கேட்டதுண்டு. 2013 மே மாதம் இலங்கை கொடுத்திருந்த ‘மகாசேன்’ என்ற பெயரில் ஒரு புயல் வந்தது. மின்னேரியா குளத்தை வெட்டிய மகாசேனனின் பெயர் அது. குளம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ராஜாவின் பெயரையா வீட்டை இடிக்கிற புயலுக்கு வைப்பது என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. பெயர் ‘வியாரு’ என்று மாறியது. அந்த இலங்கையின் மலையகத்தைத்தான் 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சரித்துப் போட்டது. ஏமன் கொடுத்த அந்தப் பெயரை அங்கே மண்ணுக்குள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மறக்கப் போவதில்லை. பட்டியல் மட்டும் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

இதுவரை சொன்னது பெயர் வைத்த புயல்களின் கதை. என் குறை இனிமேல்தான்.

நம் ஊரை அதிகம் அழவைத்த மழைக்குப் பெயரே கிடையாது.

காற்றைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். அதற்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 2015-இல் நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தைக் குலைத்துப் போட்டது எது? நவம்பரில் புதுச்சேரி பக்கம் கரை கடந்த ஒரு தாழ்வு மண்டலம். டிசம்பர் 1-ஆம் தேதி விடிந்து அடுத்த நாள் விடிவதற்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய ஒரு மழை. இரண்டுக்கும் பெயர் இல்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தெரியாமல் போனதை நீங்கள் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தீர்களே, அந்த மழைக்கும் பெயர் இல்லை. கடலோரத்துக்குக் காற்று எமன் என்றால் நமக்குத் தண்ணீர் எமன். தறிக்குழிக்குள் காற்று புகுந்து என்ன செய்துவிடும்? தண்ணீர் புகுந்தால் வீடு உட்கார்ந்துவிடும்.

உங்களுக்குத் தெரியாததில்லை. நம்முடையது குழித்தறி. இடுப்பளவுக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பது. தெருவில் ஓடுகிற தண்ணீர் வாசல் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. பூமி நிறைந்தால் குழிக்கு அடியிலிருந்தே ஊறும். ஈரம் ஏறினால் பாவு இழுவை மாறும், இழை ஒன்றோடொன்று ஒட்டும், ஜரிகை கறுக்கும். தெருவில் பாவு நீட்ட முடியாது, கஞ்சி காயாது. தை மாசக் கல்யாணத்துக்கு நெய்து கொடுக்க வேண்டிய நேரமும் அதே நேரம்தான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. பட்டும் ஜரிகையும் கொடுத்தவருக்கோ கணக்குக் காட்ட வேண்டும்.

2021 மழை வடிந்த பிறகு நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “எந்தப் புயல்ல சேதம் ஆச்சுங்க ஐயா?” என்று கேட்டான். “புயல் இல்லப்பா, மழை” என்றேன். “வீடு இடிஞ்சுதா?” “இல்லை.” “ஆடு மாடு?” “இல்லை. தறிக்குழியில தண்ணி. ஒன்பது நாளா நிக்குது.” அவன் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான். எங்கே எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓரமாக ‘மழை’ என்று எழுதினான். ஒன்பது நாள் பட்டினி அந்த இரண்டு எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. போன தடவை எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், எத்தனை தறி என்று அவன் கேட்டிருந்தால் என்னிடமும் பதில் இல்லை. நானும் எழுதி வைக்கவில்லையே.

ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் நின்றது. அது ஏன் நின்றது என்று யோசித்துத்தான் இந்தக் கடிதத்துக்கு வந்தேன். 2015 கார்த்திகையில் என் தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. அரக்குக் கரை. ராத்திரியில் தண்ணீர் ஏறிவிட்டது. பாவைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டினோம்; நெய்து சுருட்டி வைத்திருந்த பக்கம் நனைந்துவிட்டது. காலையில் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் குழித் தண்ணீர் சிவந்து கிடந்தது. உங்கள் அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அரக்கு வெள்ளம்” என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அது அரக்கு வெள்ளம். “அரக்கு வெள்ளத்துக்கு முந்தின வருஷம் மகளுக்குக் கல்யாணம்” என்போம். “அரக்கு வெள்ளத்தில் தண்ணி மூணாவது படி வரைக்கும்” என்போம். 2021-இல் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.

பெயர் என்றால் வெறும் கூப்பிடுகிற சத்தம் என்று மட்டும் இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. இந்த ஊரில் பிறந்த அண்ணாதான் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ஒரு மாநிலத்துக்கே தமிழ்நாடு என்று பெயர் வைத்தார். பெயர் வைக்க ஆபீஸ் உத்தரவு எதுவும் வேண்டியதில்லை என்பதற்கும் கண்ணெதிரே சான்று உண்டு. 1964 டிசம்பரில் பாம்பன் ரயிலையும் ஒரு ஊரையும் கடல் கொண்டுபோன புயலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சனங்களே வைத்தார்கள், தனுஷ்கோடிப் புயல் என்று. அழிந்த ஊரின் பெயர் புயலின் பெயராக நிற்கிறது.

எழுதி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. கைலாசநாதர் கோயிலுக்குச் சின்ன வயதில் போயிருப்பீர்கள். கட்டிய ராஜசிம்மனின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. அது பெரிதில்லை, ராஜா தன் பெயரை வெட்டிக்கொள்வான். அதே கோயில் தூணில் இன்னொன்று இருக்கிறது. இந்த ஊரைப் படையெடுத்துப் பிடித்த சாளுக்கிய விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு. கோயிலின் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதிவிட்டுப் போனான். பல்லவர் அதைச் செதுக்கி எறியவில்லை. வந்தவன் பகைவன், ஆனால் வந்தது நிஜம். கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர். பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் குடவோலை முறையை மட்டுமா எழுதினார்கள்? ஏரி வாரியம் என்று தண்ணீரைப் பார்க்க ஒரு குழுவே இருந்ததையும் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரியைப் பார்த்தவர்களின் விதி நமக்குத் தெரிகிறது. 2021-இல் நம் தெருவில் எத்தனை சாண் தண்ணீர் நின்றது என்று தெரியவில்லை.

பிள்ளைகளே, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவையும் அம்மாவையும் பாட்டியையும் தறிக்குழி பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அழியாத பெயின்டில் போடுங்கள். வருஷம், மாதம், எத்தனை நாள் தறி நின்றது, எந்தச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் எழுதி, அந்த மழைக்கு வீட்டார் வாயில் வருகிற பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். டெல்லி வைத்த பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். பிறகு தெருவுக்கு ஒரு நோட்டில் எல்லா வீட்டுக் கோடுகளையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் சேர்த்தால் நெசவாளர் சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் அதை வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்பது என் வேலை.

இதை ஏன் உங்களைக் கேட்கிறேன்? எங்கள் தலைமுறைக்குக் கண் போய்விட்டது, கை நடுங்குகிறது. அது பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு மெஷின் பத்து நிமிஷம் நின்றால் யார் ஷிப்டு, என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. அப்பாவின் தறி நின்ற நாளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

கோடு போட்டால் மழை நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. ஆனால் பிள்ளையார்பாளையம் முழுக்க ஒரே உயரத்தில் கோடு இருக்கிறது, அடுத்த தெருவில் இல்லை என்று தெரிந்தால், தண்ணீர் எங்கே முட்டி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மஞ்சள்நீர்க் கால்வாயைத் தூர்வாரச் சொல்லியும் வேகவதி ஆற்று ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசியும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ‘கடும் பாதிப்பு’ என்று எழுதுகிற மனுவுக்கும், இத்தனை வீட்டில் இத்தனை சாண், இத்தனை நாள் என்று எழுதுகிற மனுவுக்கும் வித்தியாசம் உண்டு. குழியை மேடாக்குவதா, தறியை உயரத் தூக்குவதா, பாவை எந்த ஆணியில் கட்டுவது என்பதையும் அந்தக் கோடுதான் சொல்லும். அடுத்த முறை அந்த மேசைக்குப் பின்னால் உட்காருகிற பையனுக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்.

துக்கத்தைச் சுவரில் எழுதி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெண்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஹையானின் கதைதான். அந்தப் பெயரை எடுத்தவர்கள் அதை மறக்க எடுக்கவில்லை. இன்னொரு புயல் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று எடுத்தார்கள். அரக்கு வெள்ளம் என்று எங்கள் சுவரில் எழுதியாயிற்று. அந்தப் பெயருக்குப் பேரன் வேண்டாம். அதற்காகத்தான் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கிறேன்.

2021-இன் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருக்கிறது. என் மகன் வந்துதான் எழுத வேண்டும். அந்த ஒன்பது நாளும் வாளி வாளியாக இறைத்தவன் அவன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காலி இடம் இருக்கும். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன் ஒருவன்